நோட்டீஸ் யார் பெயருக்கு? பெங்களூருவில் பொதுச் சுகாதார அதிகாரமும் மனையுரிமையும்

2024 மார்ச்சில் பெங்களூருவின் ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றின. லாரித் தண்ணீரின் விலை எகிறியதால் அரசே அதற்கு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. குழாயில் வந்த நாளில் டிரம்களில் பிடித்துவைத்த தண்ணீரைக் கொண்டுதான் பல்லாயிரம் குடும்பங்கள் அந்தக் கோடையைத் தாண்டின. ஜூன், ஜூலையில் டெங்கு பரவியபோது, சுகாதாரப் பணியாளர்கள் அதே டிரம்களைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அந்த மழைக்காலத்திலேயே கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. கொசுப்புழு காணப்படும் நகர்ப்புற வீட்டுக்கு 400 ரூபாய், வணிக இடத்துக்கு 1,000 ரூபாய், கட்டுமான இடத்துக்கும் காலி மனைக்கும் 2,000 ரூபாய் என்று அபராதமும் வகுத்தது. உரிமையாளர், குடியிருப்பவர், கட்டடம் கட்டுபவர், இடத்துக்குப் பொறுப்பான வேறு எவரும் இந்த விதிக்கு உட்பட்டவர்கள்.

உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். சட்டத்தில் இருவரும் சமம், தெருவில் அப்படியில்லை. பணியாளர் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர் வாடகைக்காரர். காலி மனையின் சொந்தக்காரர் வேறு நகரத்திலோ வேறு நாட்டிலோ இருப்பார். இக்கட்டுரையின் வாதம் இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்குகிறது. பெங்களூருவில் பிளேக் வந்த 1898 முதல் சுகாதார அதிகாரம் என்பது பெருமளவுக்கு மனை மீதான அதிகாரமாகவே இயங்கியிருக்கிறது. எலியும் கொசுவும் வளரும் நிலைமைகளை மாற்றும் சக்தி யாரிடம் இருந்ததோ அவர்களை விட்டுவிட்டு, அந்த நிலைமைகளுக்குள் வாழ வேண்டியிருந்தவர்கள் மீதே அது பாய்ந்திருக்கிறது. நோயை ஒழிக்க முடியாமல் போனதற்குப் பணப் பற்றாக்குறையும் ஆள் பற்றாக்குறையும் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். நோட்டீஸ் தவறான முகவரிக்குப் போனது அவற்றைவிடப் பெரிய காரணம் என்பது என் முடிவு.

பெங்களூரு நெடுங்காலம் இரட்டை நகரம். 1850-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டப்படி 1862-இல் பழைய நகரமான பேட்டைப் பகுதிக்கு ஒன்று, பிரிட்டிஷ் படை முகாமான தண்டுப் பகுதிக்கு ஒன்று என இரண்டு நகராட்சி வாரியங்கள் அமைந்தன. 1881-இல் மைசூர் உடையார்களிடம் ஆட்சி திரும்பியபோதும் தண்டு பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கையிலேயே இருந்தது. அங்கே பிளாக்பள்ளி, அல்சூர் போன்ற இடங்களில் படைக்கு உழைத்த தமிழர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்: சமையற்காரர், குதிரைக்காரர், கொத்தனார், துப்புரவுத் தொழிலாளர். பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். 1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து ரயில் வழியாகப் பிளேக் வந்தபோது, இரண்டு நிர்வாகங்களும் ஒரே நகரத்தின் இரு பாதிகளை வெவ்வேறு விதிகளோடு ஆண்டுகொண்டிருந்தன. எலிகளுக்கு அந்த எல்லை கிடையாது.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1897 கொள்ளைநோய்ச் சட்டம் மிகச் சிறியது, நான்கே பிரிவுகள். வீட்டில் நுழைய, ஆளைப் பிரிக்க, பயணத்தைத் தடுக்க அது அதிகாரம் தந்தது. செலவையும் இழப்பீட்டையும் யார் தலையில் கட்டுவது என்பதை அரசின் விருப்பத்துக்கு விட்டது. நல்லெண்ணத்தோடு செயல்பட்டவர் மீது வழக்குத் தொடுக்கவும் இடமில்லை. வீட்டின் கூரையைப் பிரித்த அதிகாரியை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போகும் வழியை நான்காவது பிரிவு அடைத்துவிட்டது. மைசூர் சமஸ்தானமும் இதையொட்டித் தன் விதிகளை வகுத்து, வி. பி. மாதவராவைப் பிளேக் கமிஷனராக நியமித்தது. வீட்டாரை முகாமுக்கு அனுப்பி, ஓட்டைப் பிரித்து வெயில் விட்டு, சுவருக்குச் சுண்ணாம்பும் தரைக்குக் கிருமிநாசினியும் அடித்தார்கள். இடித்துத் தள்ளிய குடிசைகளும் உண்டு. புணேயில் இதே கெடுபிடிதான் 1897-இல் பிளேக் அதிகாரி ராண்டின் கொலையில் முடிந்தது.

அன்றைய அறிவியலின் நிலையையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். எலித்தெள்ளுதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் 1898-இல் கராச்சியில் கண்டார். அப்போது அவர் சொன்னதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1905-க்குப் பின் பிளேக் ஆராய்ச்சிக் குழு பம்பாயில் செய்த சோதனைகள்தான் அதை நிலைநாட்டின. ஆக, முதல் ஆண்டுகளில் அதிகாரிகள் துரத்தியது சுவரில் ஒட்டியிருப்பதாகக் கருதிய நஞ்சை. இடிக்கப்பட்ட வீட்டின் எலி அடுத்த வீட்டுக்கு ஓடியது. அறியாமைக்காக அந்த அதிகாரிகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த அறியாமையின் விலையை யார் கொடுத்தார்கள் என்ற கணக்கை மட்டும் விட்டுவிட முடியாது. நகரத்தில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் பூசையோடு இருக்கின்றன. அரசு ஆவணங்களில் பதிவாகாத அச்சம் அங்கே பதிவாகியிருக்கிறது.

அறிவு மாறியபின் நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். தண்டில் பிளேக் பணியைக் கவனித்த ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914-இல் பெங்களூருவின் பிளேக் தடுப்பு நகரமைப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நெருக்கத்தைக் குறைப்பதற்காகத் திட்டமிடப்பட்ட பிரேசர் டவுன் 1906-1910 காலத்தில் உருவானது. ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அது. எலி வளை தோண்ட முடியாத தரை, எலி கூடு கட்ட இடந்தராத கூரை, காற்றும் வெளிச்சமும் புகும் அறை, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி என்று சிந்தனை ஓடியது. மருந்தடிப்பதைவிடக் கட்டட விதியே வலிமையான பூச்சித் தடுப்பு என்பதை இந்த நகரம் அப்போதே கற்றுக்கொண்டது. இதை ஒரு சாதனை என்று மனமாரச் சொல்கிறேன். ஆனால் பிரேசர் டவுன் விரைவிலேயே நடுத்தர வகுப்பினரின் புறநகராயிற்று. பிளாக்பள்ளியின் நெருக்கம் பிளாக்பள்ளியிலேயே தங்கிவிட்டது.

மைசூர் அரசின் பாதியிலும் இதே போக்குதான். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் 1890-களில் திட்டமிடப்பட்ட பசவனகுடி, மல்லேஸ்வரம் விரிவாக்கங்கள் பிளேக்குக்குப் பிறகே வேகமாக நிரம்பின. மனைகள் சாதிவாரியாக ஒதுக்கப்பட்டதை நகர வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் எடுத்துக்காட்டியிருக்கிறார். சுகாதாரமான வீடு சொத்துள்ளவருக்கு மனையாகக் கிடைத்தது; சொத்தில்லாதவருக்குச் சுகாதாரம் உத்தரவாக வந்தது.

இந்த விரிவாக்கங்களின் பின்சந்துகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். இரு வரிசை வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே ஓடும் இந்தக் குறுகிய சந்துகள், மலக்கூடையைச் சுமந்தவர்கள் முன்வாசல் பக்கம் வராமலிருக்க விடப்பட்டவை. எடுப்புக் கழிவறையின் சிறு கதவு அந்தப் பக்கம்தான் திறக்கும். பாதாளச் சாக்கடை வந்தபின் சந்துக்கு வேலை போயிற்று. நிலம் மட்டும் நின்றது. காலப்போக்கில் சந்தின் பாதியில் ஒரு வீட்டின் சுவர் ஓரடி முன்னே வந்திருக்கும், இன்னொன்றின் ஜெனரேட்டர் நிற்கும், நடுவே குப்பை மூட்டை, அதன்கீழ் பெருச்சாளி வளை. சில சந்துகளை மாநகராட்சியும் குடியிருப்போரும் மீட்டு வண்ணம் பூசி நடைபாதையாக்கியது நல்ல முன்மாதிரி. மற்றபடி, பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தைச் சொத்துள்ளவர் ஓரடி ஓரடியாகச் சேர்த்துக்கொண்டால் அது பல்லாண்டு நீளும் உரிமை வழக்காகிறது. புறம்போக்கில் போட்ட தகரக் கொட்டகையோ ஒரே காலையில் அகற்றப்படுகிறது. இரண்டையும் செய்வது ஒரே நிர்வாகம்.

உரிமங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மாநகராட்சிகள் சட்டம் 353-ஆவது பிரிவின் கீழ் வணிக உரிமத்தை ஏற்படுத்தியது. அதை வழங்கும் வேலை சுகாதாரப் பிரிவுக்கு வந்தது. தோல் பதனிடுதல், இறைச்சி வெட்டுதல் போன்ற தொழில்களால் அக்கம்பக்கத்துக்குக் கேடு வராமல் காப்பதே இத்தகைய உரிமத்தின் பழைய நோக்கம். நாளடைவில் அது கட்டண ரசீதாகிவிட்டது. பல வார்டுகளில் சுகாதார அலுவலரின் பொழுது புதுப்பிப்பிலும் வசூல் இலக்கிலும் கழிகிறது; தானியக் கிடங்கின் எலியையோ உணவகத்தின் கொல்லைப்புறத்தையோ பார்ப்பது புகார் வந்த பிறகுதான்.

இனி நிறுவனங்களின் பிரிவு. பிளேக் காலத்தில் நகரத்தின் ஒவ்வொரு பாதியிலும் வீடு, நிலம், நோய் மூன்றும் ஒரே அதிகாரியின் மேசையில் இருந்தன. அதனால் கொடுமையும் நடந்தது, பிரேசர் டவுனும் நடந்தது. 1945-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1976-இல் அது பெங்களூரு வளர்ச்சி ஆணையமாயிற்று. 1964-இல் தண்ணீரும் சாக்கடையும் தனி வாரியத்துக்குப் போயின. 1949-இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்திருந்தும், அதன் சுகாதாரப் பிரிவிடம் எஞ்சியது புகையடிக்கும் எந்திரமும் உரிமப் புத்தகமும் அபராத ரசீதும். நோய்க்கான காரணங்கள் ஒரு துறையில், நோய்க்கான பொறுப்பு இன்னொரு துறையில்.

டிரம்முக்குத் திரும்புவோம். நகரத்தின் பல பகுதிகளில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், சில இடங்களில் அதற்கும் அரிதாக வருகிறது. வசதியுள்ள வீட்டில் தரைக்கடியில் மூடிபோட்ட சம்ப்பும் மாடியில் தொட்டியும் உண்டு. ஒற்றையறை வாடகை வீட்டில் வாசலோரம் நிற்கும் நீலப் பிளாஸ்டிக் டிரம்தான் சம்ப். ஏடிஸ் கொசு டிரம்மின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். எப்போது தண்ணீர் வரும் என்று உறுதியாகத் தெரியாத பெண், பாதி நிரம்பிய டிரம்மைக் கவிழ்த்துக் கழுவுவாளா? கவிழ்க்காததை அலட்சியம் என்று எழுதிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் புழு வளர்வதில் தண்ணீர் வாரியத்தின் கால அட்டவணைக்கும் பங்குண்டு. ரசீது மட்டும் அவள் பெயருக்கு.

இதற்கு வலுவான மறுப்பு சிங்கப்பூரிலிருந்து வருகிறது. 1960-களிலிருந்தே அங்கே நோய்பரப்பும் பூச்சிகளுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. வீட்டில் குடியிருப்பவருக்கும் அபராதம் உண்டு. அது கண்டிப்பாக நடைமுறையாகிறது. குடியிருப்பவரைத் தண்டிக்காமல் வீட்டுக்குள் வளரும் கொசுவை ஒழிக்க முடியாது என்பார்கள். இந்த வாதத்தை மதிக்கிறேன். ஆனால் சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும். அங்கே பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீர் கவனக்குறைவுதான். மேலும், கொசு வளரவிடும் கட்டுமானத் தளங்களின் வேலையையே அங்கு நிறுத்திவைக்கிறார்கள். பெங்களூருவில் அடித்தளம் தோண்டி மாதக்கணக்கில் மழைநீர் நிற்கும் குழிக்கு 2,000 ரூபாய் என்பது ஒரு தடைக்கல்கூட இல்லை. அபராதப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நிற்கும் தண்ணீர் வழங்கலை விட்டுவிட்டு வந்தால் அது சிங்கப்பூர் முறை ஆகாது.

நம் சட்டத்திலேயே நோட்டீஸின் திசையைத் திருப்பிய தீர்ப்பு ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் திறந்த சாக்கடையாலும் சாராய ஆலைக் கழிவாலும் அவதிப்பட்ட ஒரு வார்டின் மக்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின் கீழ் நகராட்சியையே நிர்வாக நடுவர் முன் நிறுத்தினார்கள். கையில் பணமில்லை என்றது நகராட்சி. 1980 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்க மறுத்து, காலவரம்பிட்டு வேலையைச் செய்யுமாறு பணித்தார். அந்தப் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. 1897 சட்டம் அதிகாரியை வழக்கிலிருந்து காத்தது. ரத்லாம் அதிகாரியை வழக்குக்குள் கொண்டுவந்தது. பெங்களூருவின் சுகாதாரச் சிந்தனை இன்னும் முதலாவதன் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின் தேர்தலே நடக்காததால், முறையிட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் அமர்ந்திருக்கிறது. துணைவிதிகளைப் புதிதாக எழுதவும் திருத்தவும் வாய்ப்புள்ள நேரம் இது. மூன்று மாற்றங்களை முன்வைக்கிறேன். காலி மனைக்கும் கட்டுமானக் குழிக்கும் உரிய நோட்டீஸ் மின்-காத்தாவில் (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவில்) உள்ள உரிமையாளர் பெயருக்கே போக வேண்டும். மனையின் பரப்புக்கு ஏற்ப அபராதம் கூடி, சொத்துவரி நிலுவையோடு சேர வேண்டும். அது தீராமல் காத்தா பெயர்மாற்றம் நடக்கக் கூடாது. வரி வசூலிக்கத் தெரிந்த முகவரி கொசுவுக்கு மட்டும் தெரியாமல் போவதற்கு நியாயமில்லை. அடுத்து, வாடகை வீட்டில் சம்ப்புக்கு மூடி, தொட்டிக்கு வலை, சாக்கடைக்கு இணைப்பு ஆகியவை வீட்டுக்காரரின் கடமை என்று எழுதப்பட வேண்டும். புகார் செய்த வாடகைக்காரரை அதற்காகக் காலிசெய்யச் சொல்வது குற்றமாக வேண்டும். கடைசியாக, தினமும் குழாய்நீர் வராத தெருவில் டிரம்முக்கு அபராதம் போடும் அதிகாரத்தையே எடுத்துவிட்டு, புழு கண்ட ஒவ்வொரு டிரம்மையும் அந்தத் தெருவின் தண்ணீர் நாட்களோடு சேர்த்துப் பதிவுசெய்து, அந்தப் பதிவை மாதந்தோறும் தண்ணீர் வாரியத்துக்கு நோட்டீஸாக அனுப்ப வேண்டும். வாரியம் பதில் தராவிட்டால், அந்தப் பதிவேட்டின் நகலோடு தெருக்காரர்கள் 152-ஆவது பிரிவின் கீழ் நடுவரிடம் போகலாம்.