காகிதம் காப்பாற்றிய கணக்கு

நம் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பிறகு கணிப்பொறியோடு காலம் தள்ளியவன் நான். "உங்க துறையைப் பற்றி ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள் மலர்க்குழுவினர். ஒரு பெரிய சோதனையின் பதிவுகள் பிழைத்த வரலாற்றைச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் இருக்கிறது 'டெசி' ஆய்வுக்கூடம். அங்கே 1978 முதல் 1986 வரை 'பெட்ரா' என்னும் வளையத்தில் எலெக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் எதிரெதிரே ஓடவிட்டு மோதவைத்தார்கள். மோதலில் தெறித்தவற்றைப் பதிவு செய்த கருவிகளில் ஒன்று 'ஜேட்'. 1979-ல் குளுவான் துகளுக்குச் சான்று தந்த நான்கு சோதனைகளில் அதுவும் ஒன்று.

1986-ல் கடை கட்டியாயிற்று. காந்த நாடாக்கள் அலமாரிக்குப் போயின. ஆனால் குவார்க்குகளைப் பிணைக்கும் விசை, ஆற்றல் கூடக்கூட வலுக் குறைகிறதா என்று பார்க்க உயர்ந்த ஆற்றலில் எடுத்த அளவீடுகள் மட்டும் போதாது. தாழ்ந்த ஆற்றலில் எடுத்தவையும் வேண்டும். 1989-ல் செர்னில் தொடங்கிய 'லெப்' உயர்ந்தவற்றைத் தந்தது. தாழ்ந்தவை ஜேட் நாடாக்களில் இருந்தன. இடைப்பட்ட காலத்தில் கணக்கிடும் முறைகளும் மேம்பட்டிருந்தன. சோதனையைத் திரும்பச் செய்யலாமே என்றால், பெட்ராவோ அதற்குள் வேறொரு இயந்திரத்துக்கு முன்முடுக்கியாகிவிட்டது!

சீக்ஃபிரீட் பெத்கே, யான் ஓல்சன் முதலானோர் மீட்பில் இறங்கினார்கள். நாடாவை நகலெடுத்தால் மட்டும் ஆகுமா? அதைப் படிக்கும் நிரல்கள் பழைய ஃபோர்ட்ரானிலும், ஐபிஎம் பெருங்கணிப்பொறிக்கே உரிய அசெம்பிளர் மொழியிலும் இருந்தன. அந்த இயந்திரங்களுக்கோ ஓய்வு பெறும் வயது. போதாக்குறைக்கு, மோதும் கற்றைகளின் செறிவைக் குறித்த கோப்பையே காணோம். அது இல்லாமல் மோதல்களை எண்ணலாமே தவிர, அந்த எண்ணிக்கை அதிகமா குறைவா என்று சொல்ல வழியில்லை. கடைசியில் அது காகிதத்தில் அச்சிட்ட பிரதியாகக் கிடைத்தது. எண்களைக் கையால் தட்டச்சு செய்து மீண்டும் ஏற்றினார்கள்.

பலன் வீண்போகவில்லை. கோட்பாடு சொன்னபடியே விசை குறைவதை அந்தப் பழைய பதிவுகளும் காட்டின. அந்தக் கோட்பாட்டுக்காக கிராஸ், பொலிட்சர், வில்செக் மூவரும் 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

2014-ல் செர்ன் தன் சோதனைப் பதிவுகளில் ஒரு பகுதியை, படிக்கும் நிரல்களோடு சேர்த்தே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நம் மாணவர்களும் எடுத்துப் பார்க்கலாம்.

ஸ்குரூ கேஜின் சுழிப்பிழையைக் குறிக்காமல் ரெக்கார்டு நோட்டை நீட்டினால் நம் ஆசிரியர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள், நினைவிருக்கிறதா? ஹாம்பர்க்கில் தொலைந்துபோனதும் அந்த மாதிரி ஒரு குறிப்புதான். தம்பி தங்கைகளே, அளவை மட்டும் எழுதி வைக்காதீர்கள். எப்படி அளந்தோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.