பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டரை இயக்குவது எப்படி? இலவச 'என்விடிஏ' மென்பொருள் பற்றி தெரிஞ்சுக்கலாம்!

திரையையே பார்க்க முடியாதவர்கள் மெயில் அனுப்புகிறார்கள், கோடிங் எழுதுகிறார்கள். எப்படி? அதற்கு உதவுவதுதான் 'ஸ்கிரீன் ரீடர்'. திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள் இது.

யார் உருவாக்கியது?

விண்டோஸுக்கான ஸ்கிரீன் ரீடர்களின் விலை ஒருகாலத்தில் கம்ப்யூட்டரின் விலையையே மிஞ்சியது. இந்த நிலையில்தான் 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், 'என்விடிஏ'வை எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள்.

எப்படி வேலை செய்கிறது?

மவுஸ் தேவையில்லை, கீபோர்டு போதும். இணையப் பக்கத்தில் 'ஹெச்' அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 'கே' அழுத்தினால் அடுத்த லிங்க்குக்கும் தாவும். பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்று வேறு கம்ப்யூட்டரிலும் பயன்படுத்தலாம்.

ஓப்பன் சோர்ஸ் என்பதால் என்ன லாபம்?

காசு மிச்சம் மட்டுமல்ல. இதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. குறை இருந்தால், நிரல் எழுதத் தெரிந்த பார்வையற்றவரே அதைச் சரிசெய்து அனுப்பலாம். 50-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு இது போய்ச் சேர்ந்ததில் தன்னார்வலர்களின் பங்கு பெரியது. இதோடு வரும் 'ஈஸ்பீக்' குரல் தமிழையும் படிக்கும். குரல் கொஞ்சம் ரோபோ மாதிரிதான் இருக்கும்!

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டால், ஸ்கிரீன் ரீடர் வெறுமனே 'பட்டன்' என்று மட்டுமே சொல்லும். அது 'பணம் செலுத்து' பட்டனா, 'ரத்து செய்' பட்டனா? கேட்பவருக்குத் தெரியாது. யூனிகோட் அல்லாத பழைய ஃபான்ட்டில் அடித்த தமிழ், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கேட்கும். ஸ்கேன் செய்த சுற்றறிக்கை வெறும் படம்தான். ஓசிஆர் மூலம் எழுத்தாக மாற்றினால்தான் படிக்க முடியும், அதிலும் பிழைகள் வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு தகவல்கள் அவர்களும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. டிஜிட்டல் அணுகல், அரசியல் சாசனப் பிரிவு 21 தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

நாம் என்ன செய்யலாம்?

தமிழை யூனிகோடில் டைப் செய்யுங்கள். அறிவிப்பைப் படமாகப் பகிர்ந்தால், அதில் உள்ளதை எழுத்தாகவும் சேர்த்துப் போடுங்கள். படித்துக்காட்ட இலவச மென்பொருள் ரெடி. படிக்கிற மாதிரி எழுதுவதுதான் நம்ம வேலை!