ஒரு விகுதியின் வழக்கு

மதுரையில் பிறந்தவனுக்குச் சொல்லைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. பொற்றாமரைக் குளத்தில் சங்கப்பலகை மிதந்தது என்றும், நல்ல நூலுக்கு மட்டுமே அது இடம் கொடுத்தது என்றும் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் என் நெஞ்சு சற்று நிமிரும். அந்த நிமிர்வுக்கு ஒரு நாள் சரியான அடி கிடைத்தது.

சில வருஷங்களுக்கு முன் அங்கே பக்கத்தில் ஒரு மண்டபத்தில் சிறுகதையைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு இறங்கினேன். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். நடுத்தர வயது, வெளுத்த பருத்திப் புடவை, கையில் என் பழைய கதைத் தொகுதி. தாம் ஒரு திருநங்கை என்று அவரே சொன்னார்.

“அண்ணே, உங்க சித்திரைத் திருவிழாக் கதையில ஆத்துக்குள்ள ஆடிக்கிட்டு வருதே ஒரு பாத்திரம், அது நான்தான்னு வச்சுக்கங்க. கதை பூரா ‘வந்தான், சிரித்தான், போனான்’னே எழுதியிருக்கீங்க. அந்த ‘ஆன்’ யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

குரலில் கோபமே இல்லை. கையெழுத்துக் கேட்கிறவர் போலத்தான் கேட்டார். எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. “இலக்கணம் அப்படி, அம்மா” என்று சொல்லிச் சமாளித்தேன். “அப்படியா அண்ணே” என்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இலக்கணம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க ஆசை பிறந்தது. நான் பண்டிதனல்ல, கல்லூரியில் படித்ததும் கொஞ்சந்தான். ஆனாலும் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தை எடுத்துக் கிளவியாக்கத்தைப் புரட்டினேன். நாலாவது சூத்திரத்திலேயே விஷயம் இருந்தது. ‘ஆண்மை திரிந்த’ நிலையினரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனியாக விகுதி கிடையாது. அவை உயர்திணைக்குரிய விகுதிகளையே ஏற்கும் என்கிறார் தொல்காப்பியர். அதாவது, அவர்கள் மனிதர்களோடுதான் எண்ணப்பட வேண்டியவர்கள். பன்னிரண்டாவது சூத்திரம் இன்னும் கறாரானது. அத்தகைய பெயருக்கு ஆண்பாலைக் காட்டும் முடிவு பொருந்தாது என்று முடிக்கிறது. நான் எதை இலக்கணம் என்று சொல்லித் தப்பித்தேனோ, அதை இலக்கணமே தடுத்திருந்தது!

பிற்காலத்து நன்னூலில் பவணந்தி முனிவர் இதை மேலும் பகுத்தார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால். உடலைப் பார்க்காமல் விருப்பத்தைப் பார்த்து விகுதி போட்டாரே என்று வியந்தேன். வியந்து முடிவதற்குள் அடுத்த வரி வந்தது. இரண்டையும் அஃறிணைபோலச் சொல்லவும் இடமுண்டு என்று அங்கே இருந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பாதி வாங்கிக்கொண்டதுபோல் ஆயிற்று.

‘ஆண்மை திரிந்த’ என்ற தொடரும் என்னை விடவில்லை. திரிந்தது என்று நாம் எதைச் சொல்கிறோம்? அடுப்பில் வைத்த பால் கெட்டால் திரிந்துவிட்டது என்கிறோம். ஆண்மை நல்ல பால். மற்றவை அதிலிருந்து திரிந்தவை. அளவுகோலே ஆணின் கையில் இருக்கிறது.

இலக்கணத்தில் மட்டுமா இப்படி? மேடைப் பேச்சின் சரித்திரத்திலும் இதே அளவுகோல்தான். அமெரிக்காவில் கார்லின் கோர்ஸ் காம்ப்பெல் என்ற பேராசிரியை 1989இல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அவளுக்காக அவன் பேச முடியாது என்பது தலைப்பின் கருத்து. பேச்சுக்கலையின் பாடப்புத்தகங்கள் ஆண்களின் பிரசங்கங்களையே மாதிரியாக வைத்திருந்தபோது, பெண் விடுதலைக்காக மேடையேறிய மாதர்களின் பேச்சுகளைத் தேடித் தொகுத்து, அவையும் ஆராயத்தக்க கலையே என்று காட்டினார் அந்த அம்மையார்.

இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர் வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கண்ணகி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? விரிந்த கூந்தலும் எரிந்த மதுரையும்தான். ஆனால் நெருப்புக்கு முன்னால் நடந்தது என்ன? வழக்குரை காதையைப் பொறுமையாகப் பாருங்கள். அயலூர்ப் பெண் ஒருத்தி அரசவையில் தனியாக நிற்கிறாள். நீ யார் என்று பாண்டியன் கேட்கிறான். அவள் முதலில் தன் ஊரைச் சொல்கிறாள். அந்த ஊரில் நீதி வழங்கிய மன்னர்களைச் சொல்கிறாள். பிறகே கணவன் பெயரும் தன் பெயரும். கள்வனைக் கொல்வது அரசநீதிதானே என்று மன்னன் வாதிக்கும்போது, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று ஒரு சான்றை வைக்கிறாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து. சிலம்பு உடைகிறது, வழக்கு தீர்கிறது. மாணிக்கத்தைக் கண்ட பாண்டியன் தானே கள்வன் என்று உணர்ந்து உயிர்விடுகிறான். அவள் வென்றது நெருப்பால் அல்ல, சொல்லால். நாமோ அவள் கோபத்துக்குச் சிலை எடுத்தோம். அவள் வாதத்தை மறந்தோம்.

சொல்லுக்காக மதுரையில் நடந்த வழக்கு அத்தோடு நிற்கவில்லை. 2018இல் தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் மணந்துகொண்டார்கள். திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அதுதான் கேள்வி. அந்தச் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று 2019 ஏப்ரல் 22இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். பச்சிளங்குழந்தைகளின் பாலுறுப்பை ஒரு பாலுக்குப் பொருத்திவிட அறுவை செய்யக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு வழக்கு. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள், குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்குப் போனார்கள். பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல நிபுணர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்துகொண்டு, 2021 ஜூன் 7இல் தீர்ப்பு எழுதினார். அவர்களை ‘மாற்றிவிடுகிறோம்’ என்று சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். இப்படிப்பட்டவர்களைப் பத்திரிகைகள் என்ன சொல்லால் குறிப்பது என்ற கேள்வியும் அவ்வழக்கிலேயே எழுந்தது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு, மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழிலும் அரசிதழில் வெளியிட்டது. சங்கப்பலகையின் கதையை இதோடு சேர்த்துத்தான் இப்போது நான் நினைத்துப் பார்க்கிறேன்.

விகுதியில் என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். நம் மொழியில் ‘வந்தது’ என்று ஒருவரைச் சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டோம்; ‘வந்தார்’ என்றால் நாற்காலி எடுத்துப் போடுவோம். அனுப்பானடியில் பிறந்து, தஞ்சைக் கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் பயின்ற நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றபோது எல்லோரும் ‘பெற்றார்’ என்றே எழுதினார்கள். சந்தோஷம். ஆனால் விருது வாங்காத ஆயிரம் பேருக்கும் அந்த ‘ஆர்’ உண்டா என்பதல்லவா கேள்வி?

சென்ற வருஷம் என் கதைகளைப் புதிய தொகுதியாக அச்சிட முயன்றபோது, திருவிழாக் கதையைத் திருத்த உட்கார்ந்தேன். ‘ஆன்’ வந்த இடங்களிலெல்லாம் ‘ஆள்’ என்று மாற்றினேன். அரைமணி நேர வேலை. மாற்றி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்த கதை அது. இப்போது சிரிப்பு எங்கும் வரவில்லை. புடவை கட்டிய ஒருத்தி ஆற்றுமணலில் ஆடுகிறாள். சுற்றி நிற்கிறவர்கள் கல்லெறிகிறார்கள். கதையில் இருந்தது அவ்வளவுதான். அதில் நகைச்சுவை என்று நான் எண்ணியிருந்தது முழுவதும் அந்த ஒரு விகுதியில்தான் இருந்திருக்கிறது.

அந்தக் கதையைத் தொகுதியில் சேர்க்கவில்லை. புதிதாகத்தான் எழுத வேண்டும். எழுதி முடித்தால், முதலில் படிக்கக் கொடுக்க வேண்டியவர் யார் என்பது எனக்குத் தெரியும். அன்று அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டதுதான் வருத்தம்.