சாலையோரத்தில் பிறந்த முகவரி

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் செப்டம்பர் வந்துவிட்டால் ஹாப் தோட்டங்களில் ஆள் தேட்டம் தொடங்கிவிடும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் அந்தக் கொடியின் பூக்களைக் கையால்தான் பறித்தாக வேண்டியிருந்தது. ஜிப்சிக் குடும்பங்கள் வண்டிகளோடு வந்து இறங்கின. கோடையில் பட்டாணியும் பழங்களும், பிறகு ஹாப், குளிர்காலத்தில் பழைய இரும்பு வியாபாரம் என்று ஆண்டு ஓடியது. ஊர்ப் புறம்போக்கு, விவசாயியின் வயலோரம், சாலையோரப் புல்தரை என்று பாட்டன் காலத்திலிருந்து தங்கிய இடங்கள் அவர்களுக்கு அத்துப்படி. எட்டாம் ஹென்றி 1530இல் நாட்டைவிட்டே துரத்தச் சட்டம் போட்டும் போகாதவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1950களில் ஹாப் பறிக்கும் இயந்திரம் வந்து வேலையில் கை வைத்தது. தங்கும் இடத்தில் கை வைத்ததோ, பெரும்பாலும் வேறு யாரையோ மனதில் வைத்து எழுதப்பட்ட ஒரு சட்டம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் கடும் வீட்டுப் பஞ்சம். வீடு கிடைக்காத சாதாரண ஆங்கிலேயக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கேரவன்களில் குடியேறின. இதை ஒழுங்குபடுத்த ஆர்ட்டன் வில்சன் என்பவர் 1959இல் ஓர் அறிக்கை தந்தார். மறு ஆண்டே சட்டம் வந்தது. கேரவன் நிறுத்தும் நிலத்துக்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்குத் திட்ட அனுமதி வேண்டும். ஜிப்சிகளுக்கு வயலோரத்தைக் கொடுத்துவந்த விவசாயி, அறுவடைக் காலம் தவிர மற்ற நாட்களில் ஒரே நாளில் சட்டத்தை மீறுபவர் ஆனார். புறம்போக்கில் கேரவன் நிறுத்தத் தடை போடும் அதிகாரம் உள்ளாட்சிக் கவுன்சில்களுக்குக் கிடைத்தது. புதிய இடங்களைத் திறக்கும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருந்தது. மூடும் அதிகாரத்துக்கு உடனே வேலை வந்தது. திறக்கும் அதிகாரம் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. சாலையோரத்தில் ஜிப்சிகள் தங்குவதை 1959ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் ஏற்கெனவே குற்றமாக்கியிருந்தது. இனி ஒதுங்க எஞ்சியது காடுதான். அதுவும் அதிக நாள் நிலைக்கவில்லை.

1962 ஜனவரி. உறைபனிக் காலத்தில், டார்ட்ஃபோர்டு அருகே டேரன்த் காட்டில் தங்கியிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கேரவன்களை இழுத்துக்கொண்டு அவர்கள் போய் நின்ற இடம், லண்டனையும் டோவரையும் இணைக்கும் ஏ2 நெடுஞ்சாலையின் ஓரம். ஒரு கை தூரத்தில் லாரிகள் பாய்ந்தன. குழந்தைகள் புல்தரையில் விளையாடின. அங்கே நிற்பதும் குற்றம், நகர்ந்தால் போக இடமும் இல்லை. நாடே இந்தக் காட்சியைப் பார்த்தது. இதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஒருவர் குரல் கொடுத்து வந்தார். அவர் பேச்சு அப்போதுதான் காதில் விழத் தொடங்கியது.

அவர் நார்மன் டாட்ஸ், அண்டைத் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. ஜிப்சிகளுக்கு ஓட்டு வங்கி கிடையாது. அவர்களுக்காகப் பேசினால் இருக்கிற ஓட்டும் போகும். ஆனாலும் விடாமல் பேசினார். அரசு 1962இல் கவுன்சில்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, இடம் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொண்டது. கட்டாயம் இல்லாத வேண்டுகோளைப் பெரும்பாலான கவுன்சில்கள் தட்டிக் கழித்தன. 1965 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதன்முறையாக நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 15,000 பேர், 3,400 குடும்பங்கள். ஒரு சின்ன ஊரில் அடங்கிவிடும் தொகை! தீர்க்கவே முடியாத பிரச்சினை என்ற சாக்கு உடைந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் டாட்ஸ் காலமானார். பாதி வழியில் வண்டி நின்றது.

அதை இழுக்க எதிர்பாராத கைகள் வந்தன. 1966இல் கென்ட்டில் ஜிப்சிகளே ஒன்றுகூடி ஜிப்சி கவுன்சில் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கிராட்டன் பக்ஸன் அதன் செயலாளரானார். இன்னொரு கை நாடாளுமன்றத்தில் இருந்தது. ஏ2 சாலையோர நாடகம் நடந்த அதே 1962இன் மார்ச்சில், அக்கம்பக்கத்துத் தொகுதியான ஆர்ப்பிங்டனில் இடைத்தேர்தல். ஆளுங்கட்சியின் கோட்டையை உடைத்து லிபரல் கட்சியின் எரிக் லப்பக் வென்றார். ஜிப்சிகள் நெடுங்காலமாக வாழ்ந்த செயின்ட் மேரி கிரே அவர் தொகுதிக்குள் இருந்தது. சிறிய கட்சியின் எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதா பெரும்பாலும் நேரமின்றிப் பாதியிலேயே உயிர்விடும். லப்பக்கின் மசோதா பிழைத்தது. 1968இல் அது கேரவன் தலச் சட்டம் ஆனது. தம் பகுதியில் வாழும், வந்துபோகும் ஜிப்சிகளுக்குத் தலம் அமைப்பது இனி கவுன்சில்களின் கடமை. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது.

போதிய தலம் அமைத்துவிட்டதாக அரசு ஏற்றுக்கொண்ட பகுதியில், தலத்துக்கு வெளியே ஜிப்சிகள் தங்கினால் குற்றம். லண்டன் பெருநகரக் கவுன்சில்களோ 15 கேரவன்களுக்கு இடம் கொடுத்தாலே போதும். கடமை 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எங்கே இடம் பார்ப்பது? எந்த ஊரில் கைவைத்தாலும் எதிர்ப்பு. யாரும் எதிர்க்காத இடம், யாரும் வசிக்க விரும்பாத இடம்தான். மேற்கு லண்டனில் உயர்த்தப்பட்ட வெஸ்ட்வே நெடுஞ்சாலையின் நிழலில் ஒரு தலம் வந்தது. 1977இல் வெளியான ஜான் கிரிப்ஸின் அறிக்கை, கழிவுநீர் நிலையம், குப்பை எரிக்கும் ஆலை, ரயில் பாதை ஆகியவற்றின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட தலங்களைச் சுட்டிக்காட்டியது. தேவையில் கால்பங்குக்குத்தான் இடம் கிடைத்திருந்தது. தலம் அமைக்கும் முழுச் செலவையும் மத்திய அரசே தரட்டும் என்றார் கிரிப்ஸ். 1980இல் அது சட்டமானது, தலங்கள் பெருகின. கதை சுபமாக முடியப்போகிறது என்று தோன்றிய வேளையில் இடி விழுந்தது.

1994இல் குற்றவியல் நீதிச் சட்டம் அந்தக் கடமையையும் மானியத்தையும் ஒருசேர நீக்கியது. சொந்த நிலம் வாங்கித் திட்ட அனுமதி கேளுங்கள் என்றது அரசு. வாங்கினார்கள், கேட்டார்கள். பசுமை வளையம், சாலை நெரிசல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டு, விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. எசெக்ஸில் டேல் ஃபார்ம் என்ற பழைய இரும்புக் கிடங்கு நிலத்தை, ஜிப்சிகளைப் போலவே கேரவன்களில் வாழும் ஐரிஷ் டிராவலர் குடும்பங்கள் வாங்கியிருந்தன. நிலம் அவர்களுடையது, அனுமதி மட்டும் இல்லை. பத்தாண்டு வழக்குகளுக்குப் பின், 2011 அக்டோபர் 19 அதிகாலை போலீஸ் உள்ளே நுழைந்தது. சுமார் 80 குடும்பங்கள் கலைந்தன. ஏ2 சாலையோரம் மறுபடி திரும்பியதுபோல் இருந்தது. ஆனால் இந்த முறை சட்டப் புத்தகத்தில் ஒரு பிடி இருந்தது.

2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், ஜிப்சி, டிராவலர் குடும்பங்களின் தேவையைக் கணக்கிடுவதைக் கவுன்சில்களின் கடமையாக்கியிருந்தது. 2012இன் கொள்கை, ஐந்தாண்டுத் தேவைக்கான இடங்களைப் பெயர் சொல்லித் திட்டத்திலேயே அடையாளம் காட்டச் சொன்னது. 2015இல் ஒரு சறுக்கல்: முதுமையாலோ நோயாலோ பயணத்தை நிரந்தரமாக நிறுத்தியவர்கள் டிராவலர் கணக்கிலிருந்து வெட்டப்பட்டார்கள். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரையறையைப் பாகுபாடு என்று கண்டது. 2023 டிசம்பரில் அரசு அதைக் கைவிட்டது. வேல்ஸோ 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், தலம் அமைக்கும் கடமையையே கவுன்சில்களின் தோளில் மீண்டும் ஏற்றியது.

இத்தனை திருப்பங்களுக்கும் பிறகு கையில் கிடைத்த பொருள், பார்வைக்கு மிகச் சாதாரணமானது. கவுன்சிலின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் கோடிட்ட ஒரு துண்டு நிலம். அதற்குள் எண்ணிட்ட மனைகள். 'பிட்ச்' என்று அவற்றுக்குப் பெயர். கெட்டித்த தளம், கேரவன் நிறுத்த இடம், மின் மீட்டர், ஓரமாக ஒரு சிறு செங்கல் அறை. சமையல், குளியல், கழிப்பறை அந்த அறையில்தான். கேரவனுக்குள் கழிப்பறை இருப்பதைப் பல ஜிப்சிக் குடும்பங்கள் தீட்டாகக் கருதுகின்றன. பாத்திரம் கழுவும் தொட்டியில் துணி துவைக்க மாட்டார்கள். அந்த அறை அவர்கள் ஆசாரத்தை மதித்துக் கட்டப்பட்டது.

அந்த எண்ணுக்குத் தபால் வருகிறது. அதைக் காட்டிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம், மருத்துவரிடம் பதிவு செய்யலாம். கவுன்சில் கட்டாயப்படுத்தப்பட்டபோதெல்லாம் இந்த மனைகள் பிறந்தன, வெறுமனே கேட்டுக்கொள்ளப்பட்டபோது பெரும்பாலும் பிறக்கவில்லை. 1962இன் சுற்றறிக்கையும் 1968இன் சட்டமும் 1994இன் நீக்கமும் சொல்வது இந்த ஒரே பாடம்தான். வேல்ஸ் அதைக் கற்றுக்கொண்டது. இங்கிலாந்தும் அந்தக் கடமையைத் திரும்ப எழுதும் வரை, ஒவ்வொரு பிட்ச்சும் ஒவ்வொரு கவுன்சில் கூட்டத்திலும் புதிதாகப் போராடித்தான் பிறக்க வேண்டியிருக்கும்.