இரு கம்பங்கள்

மலை சூழ்ந்த ஊரென்றால் வளமான ஊரென்று கொள்வது நம் வழக்கம். ஆயின், மழையைத் தரும் மலையே அதனைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு. பள்ளத்தாக்கு ஊரொன்றின் இயல்பை வகுப்பது மலையன்று, நீரைத் தேக்கிய மக்கள் முயற்சியே. கம்பம் என்னும் ஒரே பெயர் தாங்கிய இரண்டு ஊர்கள் இதற்குச் சான்றாகும்.

ஒன்று, ஐதராபாத்தில் வாழும் நாம் நன்கறிந்த தெலுங்கு நாட்டில், நல்லமலைக்கும் வெலிகொண்டா தொடருக்கும் இடையே அமைந்துள்ளது. குண்டலக்கம்மா ஆறு இங்கே இரு குன்றுகளின் இடுக்கு வழியே வெளியேறுகிறது. அவ்விடுக்கை மண்கரையால் அடைத்து விசயநகரக் காலத்தார் பேரேரி ஒன்றைக் கண்டனர். அதனை அமைத்தவர் கிருட்டிணதேவராயரின் தேவியான வரதராசம்மா என்பது மரபு. 2020ஆம் ஆண்டில் பன்னாட்டுப் பாசன வடிகால் ஆணையம் இவ்வேரியை மரபுவழிப் பாசன அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது.

மற்றொன்று தேனி மாவட்டத்துக் கம்பம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால், மலைக்கு அப்பால் கொட்டும் மழை இப்பக்கம் குறைவாகவே கிட்டும். மேற்கே ஓடிக் கடல் சேர்ந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பும் பணி கர்னல் பென்னிகுயிக்கின் பொறுப்பில் 1895இல் நிறைவுற்றது. அந்நீர் சுருளியாற்றில் கலந்து வையையைச் சேர்கிறது. வழியெங்கும் இருபோக நெல் விளைகிறது. இவ்வூரின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

இவ்விரு ஊர்களுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தெலுங்குக் கம்பம் தன் பள்ளத்தாக்கின் நீரையே தேக்கியது. மழை பொய்த்தால் ஏரியும் வற்றும். தமிழ்க் கம்பமோ பிறர் நிலத்து நீரைப் பெற்றது. அதற்கெனத் திருவிதாங்கூருடன் 1886இல் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை செய்யப்பட்டது. அணையின் கீழ் வாழும் கேரள மக்களின் அச்சமும், நீரை நம்பி வாழும் நம் உழவர்களின் கவலையும் நெடுவழக்காயின. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாமென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பின்னரும் அச்சமோ கவலையோ முற்றும் நீங்கவில்லை.

விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் வந்து குடியேறித் தமிழ்க் கம்பத்தைத் தம் ஊராக்கிக் கொண்டனர். தெலுங்கு மண்ணில் வந்து தங்கிய நமக்கு அவ்வரலாறு அயலானதன்று. மக்களை ஏற்றுக்கொண்டதுபோல நீரையும் பகிர்ந்து வாழும் நெறி நிலைபெறுமானால், இரு பள்ளத்தாக்குகளும் இனியும் தழைக்கும் என நம்புவோமாக.