வெட்சியும் தெற்றியும்

புறத்திணைப் பாடம் நடத்தும்போது வெட்சிப் பூவைப் பார்த்ததுண்டா என்று மாணவர்களிடம் நாம் கேட்பது வழக்கம். பெரும்பாலும் மௌனமே விடை. ஆநிரை கவரச் செல்லும் மறவர் சூடும் பூ அது என்று தேர்வில் பிழையின்றி எழுதுவார்கள். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் தங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் தெற்றிதான் அது என்றால் நம்பத் தயங்குவார்கள். 'தெற்றி மலையாளச் சொல் அல்லவா?' என்று ஒரு மாணவி கேட்டாள்.

அக்கேள்விக்குப் பின்னே வரலாறு இருக்கிறது. தோவாளை, அகத்தீசுவரம் உள்ளிட்ட நம் நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. எல்லை மாறியது, முற்றத்துப் பூவின் பெயர் மாறவில்லை. பிற மாவட்டத்தார் அதை இட்லிப்பூ என்கிறார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொகுத்துரைக்கும் மலர்களின் வரிசையில் தொடக்கத்திலேயே வருவது வெட்சி. திருமுருகாற்றுப்படையிலும் அது உண்டு.

இச்செடி கடல் கடந்த கதையும் சுவையானது. பின்னாளில் 1741இல் குளச்சலில் தோற்ற டச்சுக் கம்பெனியின் கொச்சி அதிகாரியாக இருந்தவர் வான் ரீடு. இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களின் அறிவைக் கொண்டு அவர் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் இச்செடி 'செத்தி' என்னும் மலையாள வழக்குப் பெயராலேயே இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் 'இக்சோரா காக்சினியா'. 'ஈசுவரன்' என்ற சொல்லின் திரிபே 'இக்சோரா' என்பர். லத்தீனுக்குப் போன பின்பும் அதனிடம் கோயில் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வளர்ப்பதும் எளிது. நம் மேற்குப் பகுதிச் செம்மண்ணின் புளிப்புத்தன்மை அதற்கு உகந்தது. பாதி முற்றிய கொம்பை மழைக்காலத்தில் நட்டால் வேர்பிடிக்கும். ஆண்டு முழுதும் பூத்தாலும் இளவேனிலில் செடி செக்கச்செவேலென்று நிற்கும். சிமெண்டுச் சுவரோரம் மட்டும் வைக்கலாகாது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளிக்கும்.

இன்று வேலிகள் மதில்களாகின்றன. வேலியோடு தெற்றியும் போகிறது. செடி போனால் உரையாசிரியர் தரும் பொருள் மட்டுமே மிஞ்சும். அந்த மாணவிக்கு நாம் சொன்ன விடை இதுதான்: இரண்டும் நம் சொற்களே, ஒன்று ஏட்டில் வாழ்கிறது, மற்றொன்று முற்றத்தில். முற்றத்தில் இருப்பதைக் காப்பாற்றினால் ஏட்டில் இருப்பதும் புரியும்.