பேரிங் தேர்வு

சுழலும் தண்டின் சுமை, அதன் திசை, வேகம், சூடு ஆகியவற்றைப் பார்த்துப் பொருத்தமான பேரிங்கை முடிவு செய்தல். கடைக்காரர் முதலில் கேட்பது எண்ணைத்தான். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க உள்விட்டம் 25 மி.மீ.; வெளிவிட்டம் 52.

அளவு சரியாக உட்கார்ந்தால் மட்டும் போதாது. பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் கணக்கிட்ட ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். பக்கவாட்டிலும் தள்ளும் லாரிச் சக்கரத்துக்கு டேப்பர் ரோலரே சரி.

தண்டு கோணினால்? ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஒரு நெசவாலையில் களிமண் தரை அமிழ்ந்து, தண்டுகள் கோணி, பேரிங்குகள் அடிக்கடி போயின. அங்கே பொறியாளராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட் 1907-இல் கோணலுக்கேற்பச் சாய்ந்துகொடுக்கும் இரட்டை வரிசைப் பால் பேரிங்கை உருவாக்கினார்.

எண்ணின் வாலையும் படிக்க வேண்டும். சூடேறும் மோட்டாருக்குப் பெரும்பாலும் உள் இடைவெளி கூடிய ‘சி3’ பொருந்தும்.